மூன்றாம் ஓலை

மணமகன் முகவரி என்ற கோட்டில்
பெலிக்ஸ் எழுதினான்:
ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் போகும் வழி,
சில்வர் ஓக் மரத்தடி ஓட்டுவீடு.
மணமகள் முகவரிக்கு நானும்
அதையே எழுதப் போய்
'ஒ'வோடு நிறுத்தினேன்.

ஃபாதர் பார்த்தார். திட்டவில்லை.
பேனா மூடியைத் திருகிக்கொண்டே
"எத்தனை வருஷம்?" என்றார்.
இரண்டும் ஒரு மழைக்காலமும்.
"ஓலைக்கு ரெண்டு முகவரி வேணும்மா.
தவக்காலம்தானே,
ஈஸ்டர் வரைக்கும் அவங்கவங்க வீட்டுல இருங்க."

ஊர் கறியை விட்டிருந்தது.
பஸ்கால் மாமா பீடியை விட்டிருந்தார், மூன்று நாள்.
நாங்கள்
ஒருவரையொருவர்.

கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
அவரோடு மனதுக்குள் சண்டை போட்டபடியே இறங்கினேன்.
பாவம் எந்த அறையில் இருந்தது, ஃபாதர்?
டைபாய்டில் நான் ஒன்பது நாள் கிடந்தபோது
வாளியைக் கழுவிக் கழுவி வைத்தானே,
அந்த அறையிலா?
எஸ்டேட்டில் பழம் உரிக்கும் மிஷினுக்குள்
ராத்திரியெல்லாம் தலையை விட்டிருந்துவிட்டு
கிரீஸ் கையோடு வந்து
என் விடிகாலை பஸ்ஸுக்கு டீ போட்டானே,
அந்த அடுப்படியிலா?
அஸ்தம்பட்டி வந்துவிட்டது.
பதில் வரவில்லை.

அழகாபுரத்தில் அம்மா கதவைத் திறந்தாள்.
இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு:
"செருப்பை உள்ளே விடு. நாய் தூக்கிட்டுப் போயிடும்."

முதல் ஓலைக்கு மலையேறிப் போயிருந்தேன்.
இவர்களுக்குள் விக்கினம் ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்
அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார் ஃபாதர்.
கோயில் அடங்கியது.
எங்களுக்கு வீடு விட்ட தெரசம்மா
சிலுவைப்பாதைப் படங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.
பால்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார்.
எல்லாருக்கும் தெரியும்.
ஒருவரும் எழவில்லை.
மன்னிப்போ, கூச்சமோ, பசியோ.
பூசை முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

இரண்டாம் ஓலை இரவு
போனில் வாக்கை மனப்பாடம் செய்தான்.
'பிரமாணிக்கமாய்' வரும் இடத்தில்
ஒவ்வொரு தடவையும் 'பிரமாண்டமாய்' என்றான்.
சிரித்தேன். அவனும்.
பிறகு 'நோயிலும்' வந்தது.
"இது செஞ்சாச்சே" என்றான்.

செஞ்சாச்சு.
வாய் திறக்காமல் நிறையவே செய்திருக்கிறோம்.
அடுத்து 'வாழ்நாளெல்லாம்' என்றிருந்தது.
அதை மட்டும் முன்கூட்டிச் செய்துபார்க்க
எந்த வாடகை வீட்டிலும் வழியில்லை.
சொல்லத்தான் முடியும்,
அதுவும் நாலு பேர் கேட்க.
அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

இரண்டு வருஷமும்
கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி வைத்திருந்தேன்.
பூட்டாமல்,
பாதித் துணியும் சான்றிதழ்களும் எடுக்காமல்.
அவனிடம் சொன்னதில்லை.
பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை,
அது பாவமென்று தோன்றாததால்.
அன்றைக்குச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் மழைச்சத்தம் மட்டும்,
அவன் பக்கத்து ஓட்டில்.
"தெரியும்" என்றான்.
"கூட்டும்போதெல்லாம் தள்ளித் தள்ளி
திரும்ப அங்கயே வெச்சிருக்கேன்."

மூன்றாம் ஓலையை நான் கேட்கவில்லை.
லேபில் ஞாயிறு டியூட்டி,
யாரோ ஒருவரின் ரத்தம் சுழன்றுகொண்டிருந்தது.

ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்
அம்மாவோடு மலை பஸ்.
பதினோராம் வளைவில் அவள் வாந்தி எடுத்தாள்.
கவரைப் பிடித்துக்கொண்டேன்.
ஃபாதர் சொன்னது சரியா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.
சாலையின் இருபுறமும் காப்பி பூத்து
வெள்ளையாய்க் கிடந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு அம்மா கேட்டாள்:
"அந்த வீட்டுல எத்தனை கட்டில்?"

நாற்பது நாள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.
"ஒண்ணுதான்" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
இன்னும் இரண்டு வளைவு போயிற்று.

"அப்ப இன்னைக்கு ராத்திரி
நான் எங்க படுக்கறது?"